சொன்னாள், குறிப்பில் இல்லை

கல்லூரி ஆசிரியர்களிடையே ஒரு பழைய கேலி உண்டு. நாக் வந்தால் நாக்கு உள்ளே போய்விடும் என்பார்கள். தேசிய மதிப்பீட்டு, அங்கீகாரக் குழுவைத்தான் நாக் என்கிறோம். அது வருகிற ஆண்டில் கல்லூரி முழுவதும் ஒரு திட்டப்பணி அலுவலகமாக மாறிவிடும். ஏழு கிரைடீரியன், ஏழு குழு. ஒவ்வொன்றுக்கும் ஓர் ஒருங்கிணைப்பாளர், நான்கைந்து உறுப்பினர்கள், ஒரு கடைசித் தேதி. ஐந்தாண்டுச் சான்றுகளைத் தேடி எடுத்து, ஸ்கேன் செய்து, தலைப்பிட்டு ஏற்ற வேண்டும். வகுப்பு முடிந்த பிறகு இரவு எட்டு மணிவரை கணினி அறையில் இருப்போம். வீட்டில் யார் சமைத்தார்கள் என்று எந்தப் படிவமும் கேட்பதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் அப்படியொரு குழுவில் நானும் இருந்தேன். ஐந்தாவது கிரைடீரியன், மாணவர் ஆதரவும் முன்னேற்றமும். மொத்தம் ஆறு பேர். ஒருங்கிணைப்பாளர் ஆண். மற்ற ஐவரில் நால்வர் பெண்கள். கூட்டக் குறிப்பு எழுதும் வேலை எனக்கு. தமிழ்த்துறை என்பதால் என்றார்கள்.

ஒரு நாள் உள்ளகப் புகார்க் குழுவின் கோப்பு மேசைக்கு வந்தது. பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்க வேண்டிய குழு அது. ஐந்தாண்டுக் கோப்பில் இரண்டே இரண்டு கூட்டங்களின் குறிப்புகள் இருந்தன. ஆண்டுக்கு நான்கு கூட்டமாவது காட்ட வேண்டும் என்றார் ஒருங்கிணைப்பாளர். "மிச்சத்த நாமளே எழுதிடலாம். மேடம் நல்லா எழுதுவாங்க" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம்.

சிரிக்காதவள் ஒருத்தி. சுயநிதிப் பிரிவில் சேர்ந்து இரண்டாண்டுகூட ஆகாத இளம் ஆசிரியை. "சார், இந்தக் கூட்டம் எதுவும் நடக்கலையே. போன வருஷம் ஒரு பொண்ணு புகார் எழுதிக் குடுத்தா. அதுக்கே யாரையும் கூப்பிடல. நடக்காததுக்கு எப்படி சார் கையெழுத்துப் போடறது?" என்றாள். குரல் உயரவில்லை. உண்மையிலேயே பதில் தெரிய வேண்டும் என்பதுபோலக் கேட்டாள். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. "அது இப்ப விஷயம் இல்லம்மா" என்றார் அவர். அடுத்து ஜியோ டேக் போட்ட புகைப்படங்களைப் பற்றிப் பேச்சு போய்விட்டது.

அன்றைய என் குறிப்பேட்டில் இருப்பது இதுதான்: விடுபட்ட குறிப்புகளைத் தயாரிப்பது என ஒருமனதாக முடிவு செய்யப்பட்டது. கூட்டம் 4.40 மணிக்கு நன்றியுரையுடன் நிறைவுற்றது. அவள் சொன்னது அதில் இல்லை. அதை விட்டு எழுதியவள் நான். அடுத்த இரண்டு வாரங்களில் நடக்காத கூட்டங்களுக்குக் குறிப்பு எழுதியவளும் நான்தான். ஒன்றுபோல இருக்கக் கூடாதென்று வாக்கியங்களை மாற்றினேன். கறுப்பு மையும் நீல மையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தினேன். கவிதை எழுதப் பழகிய கை அந்த வேலைக்கு நன்றாகவே உதவியது.

*

பெண்கள் பணியிடத்தில் ஏன் வாய் திறப்பதில்லை என்று நம்மிடம் அடிக்கடி கேட்கிறார்கள். மார்ச் 8 வந்தால் அதற்கொரு பயிலரங்கம். தன்னம்பிக்கையை வளர்த்துக்கொள்ளுங்கள், தயங்காதீர்கள், கண்ணைப் பார்த்துப் பேசுங்கள் என்று ஒரு பயிற்சியாளர் வந்து சொல்லிவிட்டுப் போவார். நோய் பேசாதவளிடம் இருக்கிறது, மருந்தும் அவளுக்கே என்பது இந்தப் பயிலரங்கங்களின் முன்முடிவு. அன்று எங்கள் அறையில் நடந்தது இதற்கு நேர் எதிரானது. அவள் பேசினாள். தெளிவாக, சரியான இடத்தில், சரியான ஆளிடம் பேசினாள். பேசியது எங்கே போனது என்பதுதான் என்னை விடாமல் துரத்துகிற கேள்வி. தமிழ் படித்தவள் என்பதால் அந்தக் கேள்வியோடு நான் படித்த நூல்களிடமே திரும்பிப் போனேன்.

மேலே இருப்பவரின் தவற்றை எடுத்துச் சொல்வதற்குத் தமிழில் இடித்துரைத்தல் என்றொரு நல்ல சொல் இருக்கிறது. திருக்குறள் இதைப் பல இடங்களில் பேசுகிறது. இடித்துச் சொல்லும் துணை இல்லாத மன்னன், கெடுப்பதற்கு யாரும் இல்லாவிட்டாலும் தானே கெடுவான் என்கிறது 'பெரியாரைத் துணைக்கோடல்' அதிகாரம். காதுக்குக் கசக்கும் சொல்லைப் பொறுத்துக்கொள்பவனின் குடைக்கீழ் உலகம் தங்கும் என்கிறது 'இறைமாட்சி'. மன்னன் பிறர் சொல்லும் அறிவையும் தள்ளி, தானாகவும் அறியாதவனாக இருந்தாலும், நல்லதை எடுத்துச் சொல்வது உடனிருப்பவனின் கடமை என்கிறது 'அமைச்சு'. இன்றைய நிர்வாகப் பயிற்சிகள் விலைக்கு விற்பதையெல்லாம் வள்ளுவர் இலவசமாகக் கொடுத்திருக்கிறார் என்று மேடையில் பெருமைப்படலாம். நானும் பெருமைப்பட்டிருக்கிறேன்.

ஆனால் அதே பொருட்பாலில் 'மன்னரைச் சேர்ந்தொழுகல்' என்றோர் அதிகாரமும் இருக்கிறது. அரசனோடு பழகுபவர் குளிர்காய்பவரைப் போல இருக்க வேண்டும், மிக நெருங்கவும் கூடாது, விலகவும் கூடாது. பெரியவர்கள் இருக்கும் இடத்தில் இன்னொருவர் காதில் பேசக் கூடாது, பிறரோடு சேர்ந்து சிரிக்கவும் கூடாது. இடித்துரைக்கச் சொன்ன நூலே எதிரில் இருப்பது நெருப்பு என்றும் எச்சரிக்கிறது. இது முரண்பாடு என்று நான் சொல்ல மாட்டேன். அலுவலகம் எப்படி இயங்குகிறது என்று அறிந்த ஒருவரின் எழுத்து இது. சொல்வது கடமை, சொன்னால் சுடும். இரண்டும் உண்மை.

சுடுவது யாரை என்பதில்தான் நாம் நின்று வாசிக்க வேண்டும். இடித்துரைப்பவராகக் குறள் காட்டுபவர் பெரியார், அமைச்சர், அவையில் இடம் உள்ளவர். மன்னன் தள்ளினாலும் அவர் யார் என்பது மாறாது. அவையில் இடமே இல்லாதவர் சொன்னால்? 'பெண்வழிச் சேறல்' என்ற 91ஆம் அதிகாரம் மனைவியின் ஏவலுக்கு நடப்பவனைப் பழிக்கிறது. அங்கே பேசப்படுவது காமத்தால் அடிமைப்படுதல்தான், அறிவுள்ள பெண்ணின் சொல்லைக் கேட்பது அன்று என்று உரை வழியில் சமாதானம் உண்டு. அதை ஏற்றுக்கொண்டாலும் ஒன்று மிஞ்சுகிறது. ஆணின் கசப்பான சொல்லைக் கேட்பதை அரசனின் பெருமையாக்கிய நூல், பெண்ணின் சொல்லைக் கேட்பதைப் பற்றிப் பேச வந்த இடத்தில் வெட்கத்தைப் பற்றித்தான் பேசுகிறது. கேட்பவனுக்கு அது இழுக்கு என்றால், அவன் கேட்காதது போலத்தான் இருப்பான். "அது இப்ப விஷயம் இல்லம்மா" என்ற வாக்கியத்துக்கு வயது அதிகம்.

*

குறள் ஒரு வாய்க்கும் ஒரு செவிக்கும் இடையில் நடப்பதைப் பேசுகிறது. பலர் சேர்ந்து ஒரு வேலையை முடிக்கும்போது சந்தேகம் என்ன ஆகிறது என்பதைக் காட்டுவது சிலப்பதிகாரம். கொலைக்களக் காதையை நாம் கோவலனின் ஊழ்வினையாகவே வகுப்பில் நடத்துகிறோம். கடைசி ஆண்டு மாணவிகளுக்கு அதை நடத்திக்கொண்டிருந்தபோது, அது ஒரு குழுவின் கதையாகவும் இருப்பது எனக்கு முதன்முதலாகத் தெரிந்தது.

அரசன் ஊடிப் போன தேவியைச் சமாதானப்படுத்தப் போய்க்கொண்டிருக்கிறான். வழியில் பொற்கொல்லன் வந்து திருடன் அகப்பட்டான் என்கிறான். சிலம்பு அவனிடம் இருந்தால் கொன்று கொண்டுவாருங்கள் என்று காவலர்களிடம் சொல்லிவிட்டு அரசன் போய்விடுகிறான். வேலை கொடுத்தாயிற்று, கால அவகாசம் இல்லை, கொடுத்தவர் இடத்தில் இல்லை. திட்டக் குழுக்களில் இருந்தவர்களுக்கு இது பழக்கமான காட்சி.

காவலர்கள் கோவலனைப் பார்க்கிறார்கள். பார்த்தவுடன் சொல்கிறார்கள், இவன் தோற்றத்தைப் பார்த்தால் கொல்லப்பட வேண்டியவன் இல்லை என்று. இதைக் கவனியுங்கள். அவர்கள் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. சந்தேகத்தை வெளிப்படையாகச் சொல்கிறார்கள். பொற்கொல்லன் சிரிக்கிறான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று திருடர்களுக்குத் துணையான எட்டை வரிசையாக அடுக்குகிறான். துறை வல்லுநரின் பேச்சு அது. கண்ணால் கண்டதைச் சொன்னவர்கள் களவு நூலின் சொற்களுக்கு முன்னால் வாயடைத்துப் போகிறார்கள். அவன் திருடன் என்று நிரூபிக்க வேண்டியது பொற்கொல்லனின் பொறுப்பாக இருந்தது. பேச்சு முடியும்போது, அவன் திருடன் இல்லை என்று நிரூபிப்பது காவலர்களின் பொறுப்பாகிவிடுகிறது.

அப்போது ஓர் இளம் காவலன் பேசுகிறான். மழை இருட்டில் தன் வாளையே ஒரு திருடன் பறித்து மறைந்த கதையைச் சொல்கிறான். இவர்கள் செயலை அறிவது அரிது, அரசனோ நம்மை வருத்துவான், என்ன செய்வது தக்கது என்று நீங்களே சொல்லுங்கள் எனத் தன் சகாக்களைக் கேட்கிறான். காதையில் நான் பலமுறை நின்று போன இடம் இது. அச்சம், குழப்பம், கருத்துக் கேட்டல் எல்லாம் அந்தப் பேச்சில் இருக்கின்றன. அவனுக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை. கல்லாத, குடித்திருந்த ஒருவன் வாளை வீசுகிறான். கேள்விக்கும் வாளுக்கும் நடுவில் இளங்கோ ஒரு வாக்கியத்தைக்கூட வைக்கவில்லை.

கண்ணகி பின்னால் வருகிறாள். பாண்டிமாதேவியின் சிலம்பில் முத்து, தன் சிலம்பில் மாணிக்கம் என்று சான்றோடு வாதாடுகிறாள். அரசன் தன் தவற்றை ஒப்புக்கொண்டு உயிரை விடுகிறான். நாம் அந்த அவையைத்தான் கொண்டாடுகிறோம். பெண் அரசனை எதிர்த்துப் பேசிய அவை அது, கொண்டாட வேண்டியதுதான். ஆனால் அவளைக் கேட்பதற்கு அங்கே ஒரு பிணம் தேவைப்பட்டது. அதற்குச் சற்று முன்பு கோப்பெருந்தேவியும் தான் கண்ட தீக்கனவுகளை அரசனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். சான்றோடு வந்தால் தாமதம், கனவாகச் சொன்னால் கனவு.

*

இது பழங்கதை, முடியாட்சி, அதனால் அப்படி என்று மாணவிகள் சொன்னார்கள். அவர்களுக்கு 1986இல் நடந்ததைச் சொன்னேன். பொறியியல் படிப்பவர்கள் அறவியல் பாடத்தில் இதைப் படித்திருக்கக்கூடும். அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் ஜனவரி 28 அன்று கிளம்பி 73 நொடிகளில் சிதறியது. பள்ளி ஆசிரியை கிறிஸ்டா மெக்காலிஃப், பொறியாளர் ஜூடித் ரெஸ்னிக் உட்பட ஏழு பேர் இறந்தார்கள். பக்கவாட்டு ராக்கெட்டின் இணைப்பில் இருந்த ரப்பர் வளையம் குளிரில் இறுகிப் போனது காரணம்.

முந்தின இரவே இதைச் சொன்னவர்கள் இருந்தார்கள். ராக்கெட்டைச் செய்த தயோகால் நிறுவனத்தின் பொறியாளர்கள், 53 பாரன்ஹீட்டுக்குக் கீழே, அதாவது சுமார் 12 செல்சியஸுக்குக் கீழே, ஏவ வேண்டாம் என்று நாசா அதிகாரிகளிடம் தொலைபேசிக் கூட்டத்தில் வாதாடினார்கள். அவர்களில் ஒருவரான ரோஜர் போய்ஷோலி அந்த வளையத்தைப் பற்றி முந்தின ஆண்டே எழுத்தில் எச்சரித்தவர். நாசா அதிகாரிகள் எரிச்சலடைந்தார்கள். தயோகால் தரப்பு இணைப்பைத் துண்டித்துக்கொண்டு தங்களுக்குள் பேசியது. ஐந்து நிமிடம் என்றது அரை மணிநேரம் ஆயிற்று. பொறியியல் பிரிவின் தலைவரிடம், பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகியின் தொப்பியை மாட்டிக்கொள்ளுங்கள் என்றார் மேலதிகாரி. பொறியாளர்களைக் கேட்காமலே நான்கு நிர்வாகிகள் முடிவெடுத்தார்கள். பாதுகாப்பானது என்று காட்டினால்தான் ஏவுவது வழக்கமாக இருந்தது. அன்றிரவு ஆபத்தானது என்று நிரூபியுங்கள் என்று தலைகீழாகக் கேட்டார்கள் என்று போய்ஷோலி பின்னாளில் சாட்சி சொன்னார். மதுரைக் காவலர்கள் நினைவுக்கு வருகிறார்கள்.

ஏவுதளத்தில் இருந்த தயோகால் பிரதிநிதி ஆலன் மெக்டொனால்ட், ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்திட மறுத்தார். யூட்டாவில் இருந்த அவருடைய மேலதிகாரி கையெழுத்திட்டு ஃபேக்ஸ் அனுப்பினார். விசாரணை ஆணையத்தின் முன் மெக்டொனால்ட் உண்மையைச் சொன்னதும் நிறுவனம் அவரைப் பதவியிறக்கியது. நாடாளுமன்ற உறுப்பினர்கள் தலையிட்ட பிறகே அவருக்கு மரியாதை திரும்பியது, ராக்கெட்டின் மறுவடிவமைப்பே அவரிடம் வந்தது. அவர் தைரியசாலி என்பதில் சந்தேகமில்லை. அவர் நிலைத்ததற்குத் தைரியம் மட்டும் காரணமில்லை. நிறுவனத்துக்கு மேலே இருந்த ஓர் அதிகாரம் அவரைக் கேட்டது.

அந்த ஆணையத்தில் ஒரே ஒரு பெண் இருந்தார். 1983இல் விண்வெளிக்குச் சென்ற முதல் அமெரிக்கப் பெண் சாலி ரைட். குளிருக்கும் ரப்பர் வளையத்துக்குமான தொடர்பைக் காட்டிய புகழ் இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மனுக்குப் போனது. தொலைக்காட்சிக் கேமராக்களின் முன் ரப்பர் துண்டைப் பனிநீர்க் குவளையில் முக்கிக் காட்டினார் அவர். அந்தக் குறிப்பை ஃபைன்மனுக்குக் கொடுத்தவர் ஆணையத்தில் இருந்த தளபதி டொனால்ட் குட்டினா. குட்டினாவுக்குக் கொடுத்தவர் யார் என்பது சாலி ரைட் 2012இல் இறந்த பிறகுதான் வெளியே தெரிந்தது. நடைவழியில் போகும்போது, ஒரு வார்த்தையும் பேசாமல், வெப்பநிலையும் வளையத்தின் நெகிழ்வும் இரு பத்திகளாக எழுதிய ஒரு தாளை அவர் கையில் வைத்தவர் சாலி ரைட். அதை அவருக்குக் கொடுத்த நாசா ஊழியரைக் காப்பாற்ற வேண்டியிருந்தது.

இதைச் சொன்னபோது வகுப்பில் ஒரு மாணவி, "அவங்களே அப்படின்னா நாங்க எப்படி மேம்?" என்றாள். நியாயமான கேள்வி. நாடே அறிந்த பெண், ஆணையத்தின் உறுப்பினர், வேலை போய்விடும் என்ற பயம் இல்லாதவர். அவருக்கும் உண்மையை மேசையில் வைக்கும் வழி இன்னொருவரின் கை வழியாகத்தான் இருந்தது. நம் பணியிடங்களில் பெண்கள் அன்றாடம் செய்வதும் இதுதான். கூட்டத்தில் சொல்லாததைக் கைகழுவும் இடத்தில் சொல்கிறோம். துறைத்தலைவர் இல்லாத வாட்ஸ்அப் குழுவில் எழுதுகிறோம். நம் யோசனையை ஓர் ஆண் நண்பரின் வாயில் போட்டுச் சொல்ல வைக்கிறோம். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவையார், உன் ஆயுதங்கள் நெய் பூசி அழகாக இருக்கின்றன, எங்களுடையவை உடைந்து கொல்லன் உலையில் கிடக்கின்றன என்று புகழ்வதுபோல இடித்தார். அதை வஞ்சப்புகழ்ச்சி என்று இலக்கணத்தில் ஓர் அணியாக்கி மதிப்பெண் கொடுக்கிறோம். நேரே சொல்ல முடியாத ஒருவர் கண்டுபிடித்த வழி அது என்று நாம் மாணவிகளுக்குச் சொல்வதில்லை.

இந்தச் சுற்றுவழிகளை நான் குறைத்துப் பேசவில்லை. அவை பல பெண்களைக் காப்பாற்றியிருக்கின்றன. ஆனால் அவற்றுக்கு ஒரு விலை உண்டு. சொன்னது தடயமில்லாமல் போய்விடும். அடுத்து வருகிற பெண் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

*

இப்போது நிறுவனங்களில் உளப் பாதுகாப்பு என்ற சொல் புழங்குகிறது. ஐ.டி. துறையில் வேலை செய்யும் என் பழைய மாணவிகள் அதை ஆங்கிலத்திலேயே சொல்வார்கள். ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1999இல் எழுதிய கட்டுரையால் பரவலான கருத்து அது. தவற்றைச் சொன்னால் அவமானமோ தண்டனையோ வராது என்று ஒரு குழுவில் எல்லோரும் நம்பும் நிலை. அதற்கு முன்பு மருத்துவமனைகளில் அவர் செய்த ஆய்வில் ஒரு வியப்பு கிடைத்தது. நன்றாகச் செயல்படும் குழுக்களில் மருந்துத் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. அவர்கள் அதிகம் தவறு செய்தார்கள் என்பதைவிட, செய்ததை மறைக்காமல் சொன்னார்கள் என்பதே பொருத்தமான விளக்கமாகப்பட்டது அவருக்கு.

ஐந்தாண்டில் இரண்டே கூட்டம் நடந்த எங்கள் கோப்பை இந்த வெளிச்சத்தில் பார்க்கலாம். புகாரே வராத கல்லூரி நல்ல கல்லூரி என்று நாம் நம்பப் பழகியிருக்கிறோம். புகார் சொல்ல யாரும் துணியாத கல்லூரியாகவும் அது இருக்கலாம்.

எட்மண்ட்சனின் கருத்தை நான் மதிக்கிறேன். அது இங்கே பயிற்சி அறைகளுக்கு வந்து சேரும்போது சூழல், மனநிலை, தலைவரின் புன்னகை என்று மென்மையாகிவிடுவதில்தான் எனக்குச் சிக்கல். எங்கள் அறையில் இருந்த ஆறு பேரில் ஐவருக்கு நிரந்தரப் பணி. என்னை வேலையை விட்டு அனுப்ப வேண்டுமென்றால் நிர்வாகம் எத்தனையோ படி ஏற வேண்டும். அவளை அனுப்ப ஒரு படியும் ஏற வேண்டியதில்லை. ஜூன் மாதம் கால அட்டவணையில் பெயரைப் போடாமல் விட்டால் போதும். அப்படித்தான் விட்டார்கள். "வொர்க்லோடு இல்ல" என்றார்கள். அவளுடைய உளப் பாதுகாப்பு அவளுடைய மாதச் சம்பளத்தில் இருந்தது. பாதுகாப்பு இருந்த ஐவரும் பேசவில்லை. இல்லாதவள் பேசினாள். தைரியத்தைப் பற்றிய எந்தப் பயிலரங்கத்திலும் இந்தக் கணக்கைப் போடுவதில்லை.

*

அந்தக் கோப்பு எப்படி வந்தது என்பதையும் சொல்லித்தான் இதை முடிக்க முடியும். ராஜஸ்தானில் பெண்கள் மேம்பாட்டுத் திட்டத்தின் கீழ்மட்டப் பணியாளராக இருந்தவர் பன்வாரி தேவி. 'சாத்தின்', அதாவது தோழி என்பது அந்தப் பதவியின் பெயர். தன் கிராமத்தில் நடக்கவிருந்த குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்றார். அது அவருடைய வேலை. அதற்காகவே 1992இல் ஆதிக்கச் சாதி ஆண்கள் அவரைக் கூட்டு வன்புணர்வு செய்தார்கள். அவர் வெளியே சொன்னார். 1995இல் விசாரணை நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவர்களை அந்தக் குற்றத்திலிருந்து விடுவித்தது. வேலை செய்யும் இடத்தில் ஒரு பெண்ணுக்கு நேர்வதற்கு வேலை கொடுத்தவரின் பொறுப்பு என்ன என்று பெண்கள் அமைப்புகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயின. 1997இல் விசாகா வழிகாட்டு நெறிகள் வந்தன. 2013இல் சட்டம் வந்தது.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஒவ்வோர் இடத்திலும் உள்ளகக் குழு வேண்டும், மூத்த பெண் ஊழியர் தலைமை ஏற்க வேண்டும், உறுப்பினரில் பாதிக்குக் குறையாமல் பெண்கள் இருக்க வேண்டும், வெளியிலிருந்து ஒருவர் இருக்க வேண்டும், விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். தைரியமாகப் பேசு என்று அது பெண்ணிடம் சொல்லவில்லை. கேட்பதற்கு ஓர் அறையையும் ஆட்களையும் கெடுவையும் வைத்திருக்க வேண்டும் என்று வேலை கொடுப்பவரிடம் சொல்கிறது. என் வாசிப்பில், இடித்துரைத்தலைப் பற்றிய நம் நீண்ட மரபில் விடுபட்ட பக்கம் இதுதான். கேட்பதை அரசனின் பெருந்தன்மைக்கு விடாமல் கட்டாயக் கடமையாக்குவது. பன்வாரி தேவிக்கு நீதி கிடைக்கவில்லை. அவர் சொன்னது நாடெங்கும் ஒரு கோப்பாக வந்து சேர்ந்தது. அந்தக் கோப்பில்தான் நான் கறுப்பு மையும் நீல மையுமாகப் பொய் எழுதினேன்.

இப்போது நான் குறிப்பெழுதும் கூட்டங்களில் யார் மறுத்தார், என்ன சொல்லி மறுத்தார் என்று ஒரு பத்தி இருக்கும். முதன்முறை எழுதியபோது அதை நீக்கச் சொன்னார்கள். நீக்கவில்லை. அந்தக் குறிப்பில் இரண்டு பேர் கையெழுத்திடவில்லை, அதையும் கீழே எழுதிவைத்தேன். எனக்குப் பெரிதாக ஒன்றும் நேரவில்லை. தேர்வுப் பணியில் தொலைவான மையம் கொடுத்தார்கள், அவ்வளவுதான். அவ்வளவுதான் நேரும் என்பது எனக்கு அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும். நிரந்தரப் பணியில் இருக்கும் பெண்கள் இதைத் தங்கள் வேலையாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்கிறேன். இளையவர்களை முன்னால் தள்ளிவிட்டுப் பின்னால் நின்று அவர்களுடைய துணிச்சலைப் பாராட்ட வேண்டாம். குறிப்பேடு பெரும்பாலும் நம் கையில்தான் இருக்கிறது. கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று நம்மிடம் தள்ளிவிட்ட வேலை அது. அதையே பிடித்துக்கொள்ளலாம்.

இந்தக் கட்டுரையை எழுதும் முன் அவளைத் தேடிப் பேசினேன். வேறோர் ஊரில், வேறொரு சுயநிதிக் கல்லூரியில் இருக்கிறாள். மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க மேம், நீங்க மட்டுமா?" என்றாள். அது ஆறுதலா குற்றச்சாட்டா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. இதை எழுதலாமா என்று கேட்டதற்குச் சற்று நேரம் பேசாமல் இருந்தாள்.

"பேரு வேணாம் மேம். ஆனா நான் சொன்னத சொன்னபடியே போடுங்க."

போட்டிருக்கிறேன்.